கொழுந்து நிறுவையும் ஓர் ஆய்வுக் களமே

இலங்கை மலையகத்துக் கணினித் துறை மாணவர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இறுதியாண்டு ஆய்வைப் பற்றியவை. மென்பொருள் பொறியியல், தரவு மாதிரியாக்கம், கணினியிலும் கைபேசியிலும் தடயம் தேடும் டிஜிட்டல் தடயவியல் ஆகியவற்றைத் தொட்ட ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான் மென்பொருள் பொறியியல் இறுதியாண்டு மாணவி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதைக் கைபேசியில் பதியும் ஒரு செயலியை ஆய்வாகச் செய்ய எண்ணினேன். இது வெறும் செயற்றிட்டம், ஆய்வு அன்று என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். செயலி செய்வது ஆய்வாகாதா?
(ஒரு மாணவி, ஹட்டன்)

பதில்: செயலியைச் செய்து முடிப்பது மட்டும் ஆய்வாகாது என்று உங்கள் மேற்பார்வையாளர் சொல்வது சரியே. ஆனால் நீங்கள் தேர்ந்த களம் ஆய்வுக்கு உதவாது என்று அதற்குப் பொருளில்லை. "செய்து முடித்தேன், ஓடுகிறது" என்பதோடு எழுந்துவிட முடியுமானால் அது செயற்றிட்டம். விடை என்னவாக வரும் என்று தொடங்கும்போது உங்களுக்கே தெரியாத ஒரு கேள்வியும், அந்த விடையை அளந்து காட்ட ஒரு வழியும் இருந்தால் அது ஆய்வு. அத்தகைய கேள்வி உங்கள் நிறுவைக் கொட்டிலிலேயே இருக்கிறது.

என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மாலை நிறுவையில் சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் தராசின் முள் பதினெட்டில் நின்றதை அவர் தம் கண்ணால் பார்ப்பார். எழுதப்படுவதோ பதினாறாக இருக்கும். சாக்குக்கும் மழைத் தண்ணீருக்கும் கழித்தது என்பார்கள். கழிக்கவே கூடாது என்று அவர் ஒருநாளும் வாதிட்டதில்லை. எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதுதான் லயத்துக்குத் திரும்பி அடுப்பை மூட்டிய பிறகும் அவருக்கு ஆறாத கேள்வியாக இருந்தது. அந்த இரண்டு கிலோ சில நாட்களில் ஒரு முழுப் பேரை, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்தை, அரைப் பேராக்கிவிடும்.

இப்போது உங்கள் செயலியின் அட்டவணையைப் பாருங்கள். அதில் "நிறை" என்று ஒரே ஒரு நிரல் (நெடுவரிசை) இருந்து, பதினாறு என்ற எண் மட்டும் அதில் விழுமானால், பழைய புத்தகத்தில் இருந்த குறையையே நீங்கள் கைபேசிக்குள் கொண்டுபோயிருக்கிறீர்கள். மொத்த நிறை, கழிவு, கழிவின் காரணம், பதிந்தவர், பதிந்த நேரம் என்று தனித்தனியே வைத்து, பிழை நேர்ந்தால் பழைய வரியை அழித்து எழுதாமல் திருத்தத்தைப் புதிய வரியாகச் சேர்க்கும்படி ஒரு வடிவத்தை அமையுங்கள். ஒற்றை நிரல் கொண்ட இன்னொரு வடிவத்தையும் அமையுங்கள். மாத முடிவில் எழக்கூடிய முறைப்பாடுகளை முன்கூட்டியே வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையிலும் எத்தனையைப் பதிவைக் கொண்டே தீர்க்க முடிகிறது என்று இரண்டு வடிவங்களையும் சோதித்து ஒப்பிடுங்கள். கூடுதல் விவரம் பதிவதால் நிறுவை வரிசை எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதையும் அளக்க வேண்டும். ஏனெனில் மழையில் கூடையோடு நிற்பவர்களுக்கு ஓர் ஆளுக்குப் பத்து விநாடி என்பதும் பெரிய விலைதான். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு கைபேசிகளில் பதிந்தவை மாலையில் ஒன்றுசேரும்போது, ஒரு கைபேசியின் கடிகாரம் பிந்தியிருந்தால் வரிசை எப்படிக் குலைகிறது என்பதைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம்.

தேவைகளைத் திரட்டும்போது, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையையும் கொழுந்து எடுப்பவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். தனித்தனியே கேட்டால் "நிறை" என்ற ஒரே சொல்லை இருவரும் இரண்டு பொருளில் சொல்வது தெரியவரும். அந்த வேறுபாட்டை அவரவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொண்டால், உங்கள் அறிக்கையின் முதல் கண்டுபிடிப்பு அதுவாகவே இருக்கும்.

கேள்வி: தோட்டத் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதிப் பதிவுகளுக்காக ஒரு தரவுத்தளம் வடிவமைக்கிறேன். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை, ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக வைத்திருக்கிறேன். அது தவறு என்கிறார் நண்பர். ஒருவருக்கு ஓர் இலக்கம்தானே?
(ஒரு மாணவர், பண்டாரவளை)

பதில்: நண்பர் சொல்வதே சரி. ஒருவருக்கு ஓர் இலக்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பதிவேடுகளில் அப்படி இல்லை. 2016ஆம் ஆண்டுக்கு முன் அந்த இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது. பின்னர் பன்னிரண்டு எண்களாயிற்று. பழைய புத்தகத்தில் ஒரு வடிவிலும் புதிய கோப்பில் மறு வடிவிலும் இருக்கும் ஒரே தொழிலாளி உங்கள் தரவுத்தளத்தில் இரண்டு ஆட்களாகிவிடுவார். அதைவிடப் பெரிய காரணம் எங்கள் வரலாற்றில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்த நிலைக்குத் தீர்வு காணும் சட்டங்களின் வரிசையில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை வர வேண்டியிருந்தது. அட்டை கைக்கு வருமுன்னரே ஆண்டுக்கணக்காக உழைத்து முடித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். முதன்மைச் சாவி வெறுமையாக இருக்க முடியாது என்பது விதி. அப்படியானால் அவர்களை எந்த வரியில் எழுதுவீர்கள்?

மூன்றாவதாக, அந்த இலக்கம் வெறும் எண் அன்று. பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அதனுள் இருக்கின்றன. பெண்களுக்கு நாளின் எண்ணோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாட்கள் என்றே கணக்கிடுவதால் மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். ஆகவே அதைச் சாவியாக்கி ஒவ்வொரு அட்டவணைக்கும் அந்நியச் சாவியாக (வேறு அட்டவணையின் வரியைச் சுட்டும் சாவியாக) கொண்டுபோனால், வயதும் பாலும் தரவுத்தளம் எங்கும் சிந்திக் கிடக்கும்.

எந்தப் பொருளும் இல்லாத ஒரு தொடரெண்ணைச் சாவியாக வையுங்கள். பிறகு பெயரைப் பற்றி யோசியுங்கள். பிறப்புச் சான்றிதழில் "லெட்சுமி", அடையாள அட்டையில் "லட்சுமி", தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் வரவுப் பதிவேட்டில்) ஆங்கில எழுத்தில் மூன்றாவது ஒரு வடிவம் என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர்கள் இருப்பதை நீங்கள் உங்கள் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள். தொழிலாளியின் 8 வீதமும் தொழில்கொள்வோரின் 12 வீதமும் மாதந்தோறும் சேர்ந்த பணம், ஓய்வுபெறும் நாளில் ஓர் எழுத்துக்காக அலையவைக்கிறது. இதற்கு மென்பொருள் தரும் விடை, பெயரைத் "திருத்தி" ஒன்றாக்குவது அன்று. தரவுகளின் உறவுகளை வரைந்து காட்ட பீட்டர் சென் 1976இல் முன்வைத்த ஈ.ஆர். வரிப்படத்தில் எது தனிப்பொருள், எது அதன் பண்பு என்ற கேள்விதான் முதலில் வரும். மாணவர்கள் பலரும் தொழிலாளியைத் தனிப்பொருளாக்கி, பெயரையும் இலக்கத்தையும் பண்புகளாக்கிவிடுகிறார்கள். இங்கே ஆவணமும் ஒரு தனிப்பொருள். இந்த ஆவணத்தில், இந்தத் திகதியில், இந்தப் பெயர் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்று பதிந்து, அந்த ஆவணங்களை ஓர் ஆளோடு இணைத்தவர் யார், எந்த ஆதாரத்தில் இணைத்தார் என்பதையும் பதியுங்கள். செக்ரோல் இலக்கத்தையும் அப்படியே வையுங்கள். ஒருவர் விலகிய பின் அதே இலக்கம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டதுண்டா என்று தோட்டத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே அதை நம்புங்கள்.

ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக உண்மையான பதிவேட்டைக் கைபேசியில் படம்பிடித்து வந்துவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தரவைத் தொடுமுன் ஒருமுறை முழுமையாக வாசியுங்கள். பெயர் வேறுபாடுகளின் வகைகளை மட்டும் கவனித்துக் குறித்துக்கொண்டு, அந்த வகைகள் எல்லாம் வரும்படி நீங்களே உருவாக்கிய கற்பனைப் பதிவுகளில் சோதித்தால் ஆய்வுக்கு எந்தக் குறையும் வராது.

கேள்வி: அறிக்கையில், ஒரு கட்டம் முடிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்கும் நீர்வீழ்ச்சி முறை என்று எழுதினால் பழமை என்கிறார்கள். சிறு சிறு சுற்றுகளாகச் செய்து காட்டித் திருத்தும் அஜைல் முறை என்று எழுதினால் போதுமா?
(ஒரு மாணவர், மாத்தளை)

பதில்: செய்யாததை எழுத வேண்டாம். நீர்வீழ்ச்சி வடிவத்தை 1970இல் வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ், அதை அப்படியே பின்பற்றினால் ஆபத்து என்று அந்தக் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். ஆனால் பெயர் மட்டும் பரவி எச்சரிக்கை பின்தங்கிவிட்டது. அஜைல் முறையின் கொள்கை அறிக்கை வெளிவந்தது 2001இல். இரண்டில் எதன் பெயரை எழுதினாலும், எந்த வாரம் யாரிடம் காட்டினீர்கள், அவர் என்ன சொன்னார், அதனால் எதை மாற்றினீர்கள் என்ற குறிப்பேடு உங்களிடம் இருந்தால் தேர்வாளரின் எந்தக் கேள்விக்கும் தடுமாறாமல் விடை சொல்வீர்கள்.

கேள்வி: டிஜிட்டல் தடயவியலில் ஆர்வம். அழித்த படங்களை மீட்கும் முறைகளை ஒப்பிட, நகரத்துக் கடைகளில் பழைய கைபேசிகளை வாங்கிச் சோதிக்கலாமா?
(ஒரு மாணவர், நுவரெலியா)

பதில்: வேண்டாம். அந்தக் கைபேசியை நீங்கள் விலைகொடுத்து வாங்கியிருக்கலாம். அதனுள் இருக்கும் ஒரு குடும்பத்தின் படங்களை யாரும் உங்களுக்கு விற்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றி ஒரு கணினிக்குள் நுழைவதையே குற்றமாக்குகிறது. சட்டத்தின் வரம்பு எதுவானாலும், யாரோ ஒரு பெண்ணின் படம் உங்கள் திரையில் விரியும் அந்த நொடியில் அவரிடம் இசைவு கேட்க வழியில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இன்றைய கைபேசிகள், சாவியின்றிப் படிக்க முடியாதபடி சேமிப்பைக் குறியாக்கம் செய்து வைப்பவை. முழுமையாக மீளமைத்ததும் குறியாக்கத்தின் சாவியே அழிந்துபோவதால், அநேகமாக உங்களுக்கு எதுவும் கிடைக்காது.

உங்கள் கேள்விக்கு ஏற்ற பொருள் ஒரு சிறிய பென் டிரைவ். புதிதாக வாங்கி, அதை ஃபாட் 32 என்ற கோப்பு ஒழுங்கு முறையில் வடிவமைத்து, நீங்களே எடுத்த தேயிலை மலைப் படங்கள் நூற்றை அதில் இடுங்கள். எந்தப் படம், என்ன அளவு, எந்த நேரம் இடப்பட்டது, எந்த நேரம் அழிக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆய்வுக்கு இதுதான் பெரிய வசதி. மீட்கப்பட வேண்டியது எவ்வளவு என்று முன்னரே தெரிந்தால்தான் மீண்டது எத்தனை வீதம் என்று சொல்ல முடியும். ஃபாட் முறையில் ஒரு கோப்பை அழித்தால், அடைவுப் பட்டியலில் அதன் பெயரின் முதல் பைட் பதினாறடிமான (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) ஈ5 என்று மாறும், அது பிடித்திருந்த இடம் வெற்றிடம் என்று குறிக்கப்படும். படத்தின் உள்ளடக்கம் வேறொன்று மேலே எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து அந்த ஒரு பைட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். எத்தனை விரிவுரை கேட்டாலும் அந்தத் தெளிவு வராது.

அடுத்தது ஒழுங்கு. பென் டிரைவைக் கணினியில் செருகியதுமே இயங்குதளம் அதில் எதையாவது எழுதிவிடக்கூடும் என்பதால் எழுத்துத் தடுப்பான் ஒன்றின் வழியே இணைத்து, பிட்டுக்குப் பிட்டு நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஷா-256 ஹாஷ் பெறுமதியைக் கணித்து ஒப்பிடுங்கள். அறுபத்து நான்கு பதினாறடிமான இலக்கங்கள் கொண்ட அந்தப் பெறுமதி, நகலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை போதும் என்று பழைய அறிக்கைகளில் கண்டு அதையே எழுதாதீர்கள். 2004இல் அதற்கும் 2017இல் ஷா-1க்கும், வெவ்வேறு உள்ளடக்கங்களுக்கு ஒரே பெறுமதி வரும்படி செய்து காட்டிவிட்டார்கள். மூலத்தை உறையிலிட்டு எடுத்துவைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். யார், எப்போது, எதற்காக எடுத்தார் என்ற கைமாற்றப் பதிவை, எடுப்பவர் நீங்கள் ஒருவரேயானாலும், ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்கி எஃப்எஃப் டி9இல் முடியும். அடைவுப் பட்டியல் இல்லாமலே இந்த அடையாளங்களைத் தேடிப் படங்களைச் செதுக்கியெடுக்கும் கருவிகள் உண்டு. ஆட்டாப்சி போன்ற இலவசக் கருவியிலும் அந்த வசதி இருக்கிறது. ஆனால் ஒரு படம் துண்டு துண்டாகச் சிதறிச் சேமிக்கப்பட்டிருந்தால் அவை தடுமாறும். டிரைவ் பாதி நிறைந்திருக்கும்போது, முழுதும் நிறைந்து பலமுறை அழித்தெழுதப்பட்டிருக்கும்போது என்று நிலைகளை மாற்றி, ஒவ்வொன்றையும் பத்து முறையாவது திரும்பச் செய்தால், இரண்டு கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை நீங்கள் உறுதியோடு எழுத முடியும். கூடுதல் தரவு வேண்டுமானால், அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் பயிற்சிக்கென்றே உருவாக்கி வைத்துள்ள வட்டு நகல்களை இலவசமாகப் பதிவிறக்கலாம். அவற்றில் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

கேள்வி: தடயவியல் ஆய்வென்றால் வெளிநாட்டுக் கருவிகளை ஒப்பிடுவதைத் தவிர எங்களால் புதிதாக ஏதும் செய்ய முடியுமா? எனது மாணவர்களுக்குச் சொல்ல ஒரு தலைப்பு வேண்டும்.
(ஓர் ஆசிரியை, கொட்டகலை)

பதில்: இந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்வேன். தமிழ் தெரியாத ஒருவருக்கு இருப்பதே தெரியாத ஒரு பிரச்சினை நம் மேசையில் இருக்கிறது.

கைப்பற்றப்பட்ட ஒரு வன்தட்டில் "தமிழ்" என்ற சொல்லைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு தரும் பொதுத் தரமான யூனிகோடில் அது த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். கோப்பு யூடிஎஃப்-16 முறையில் இருந்தால் பத்து பைட்டுகள். யூடிஎஃப்-8 ஆனால் ஒரு குறியீட்டுக்கு மூன்று வீதம் பதினைந்து பைட்டுகள். ஆனால் நம் நாட்டின் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது பாமினி எழுத்துரு. அதில் தட்டிய "தமிழ்" என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே, ஐந்து பைட்டுகள். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் அங்கே தமிழே இல்லை. தேடும் கருவி யூனிகோடில் தேடிவிட்டு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று அறிக்கை தரும். அந்த அறிக்கை நீதிமன்றத்துக்கும் போகலாம்.

யூனிகோடுக்குள்ளேயும் பள்ளம் உண்டு. "கொழுந்து" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகள் வேறு. பாமினியிலோ கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் பிறகும் வரும். இதற்கு மேல் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் இருக்கிறது. ழகரத்துக்கு ஒருவர் எல் போடுவார், ஒருவர் இசட் எச் போடுவார், ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் போடுவார்.

உங்கள் மாணவர்கள் செய்யக்கூடியது இது. நூறு தமிழ் வாக்கியங்களை எடுத்து, பாமினி, யூனிகோடின் இரண்டு வடிவங்கள், ஆங்கில எழுத்துத் தமிழ் என்று நான்கு விதமாகவும் தட்டி, ஆவணங்களாகவும் குறுஞ்செய்திகளாகவும் ஒரு பென் டிரைவில் இட்டு, சிலவற்றை அழித்து, நகலெடுத்து, இலவசக் கருவிகளில் ஒரே சொற்பட்டியலைத் தேடட்டும். எந்தக் கருவி எந்த வடிவத்தில் எத்தனையைத் தவறவிடுகிறது என்ற அட்டவணையே ஓர் ஆய்வின் பாதி. மறுபாதி, தேடுசொல்லை நான்கு வடிவங்களுக்கும் தானாக விரித்துத் தரும் ஒரு சிறு நிரலை எழுதி மீண்டும் சோதிப்பது. பாமினிச் சொற்கள் வெறும் ஆங்கில எழுத்துகள் என்பதால் குறுகிய சொற்களுக்குப் பொய்யான பொருத்தங்கள் குவியும். எத்தனை எழுத்து நீளத்துக்கு மேல் அவை குறைகின்றன என்பதைக் கண்டறிந்தால் அது உலகின் எந்தத் தமிழ்ப் பகுதியிலும் பயன்படும். நிரலைத் திறந்த மூலமாக வெளியிடச் சொல்லுங்கள். பேராதனையிலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ அடுத்த ஆண்டு படிக்கப்போகும் பிள்ளை அங்கிருந்து தொடங்கட்டும்.

கேள்வி: செய்திச் செயலி ஒன்றின் தரவுத்தளத்தைப் படிக்கும் நிரல் எழுதினேன். சோதனைக்காக நானே அனுப்பிய செய்திகளின் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டுகிறது. அறிக்கை தர ஆறு வாரமே இருக்கிறது. அந்தப் பகுதியை விட்டுவிடலாமா?
(ஒரு மாணவி, பதுளை)

பதில்: விட்டுவிடாதீர்கள், நீங்கள் எழுத வேண்டிய அத்தியாயமே அதுதான். ஆண்ட்ராய்டுச் செயலிகள் பெரும்பாலும் எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில், 1970 ஜனவரி 1 முதல் கழிந்த மில்லிவிநாடிகளாக, உலகப் பொது நேரத்தில் நேரத்தைச் சேமிக்கின்றன. இலங்கை அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அந்த வேறுபாட்டைக் கூட்டாமல் காட்டினால் பின்னிரவு 2 மணிக்கு அனுப்பிய செய்தி முந்திய நாளின் இரவு எட்டரைக்கு அனுப்பியதாகத் தோன்றும்; ஒரு வழக்கில் ஒருவர் எங்கே இருந்தார் என்பதையே அது புரட்டிவிடும்.

ஐந்தரையை நிரலில் நிலையான எண்ணாக எழுதிச் சரிசெய்துவிடவும் வேண்டாம். இந்நாட்டின் நேரம் 1996இல் முதலில் ஆறரைக்கும் அதே ஆண்டிலேயே ஆறுக்கும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுக் கால மின்னஞ்சல் ஒன்றை உங்கள் நிரல் படித்தால் மீண்டும் பிழைக்கும். வரலாற்று மாற்றங்களைக் கொண்ட நேரவலயத் தரவுத்தளத்தில் கொழும்பு என்ற வலயத்தைப் பயன்படுத்துங்கள். சேமிக்கப்பட்ட மூல எண்ணையும் மாற்றிய நேரத்தையும் அறிக்கையில் அருகருகே அச்சிடுங்கள். கைபேசியின் கடிகாரமே சரியாக இருந்ததா என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். முதலில் பிழையாக வந்த வெளியீட்டை அழிக்காமல், அது எப்படி வந்தது, எந்தச் சோதனையில் பிடிபட்டது என்பதோடு சேர்த்துப் பின்னிணைப்பில் வையுங்கள். ஆறு வாரம் இதற்குப் போதும்.